ழகரம் இல்லாத ஊரில்

மார்ச் 18

காலை ஏழரைக்கு ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில் இறங்கினோம். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது தூங்கிப்போன மகள், குடிவரவு வரிசையில் என் தோளிலேயே கண் விழித்தாள். வரிசையின் முடிவில் இருவருக்கும் ஆளுக்கொரு குடியிருப்பு அட்டையை அங்கேயே அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். என் அட்டையில் படம் இருக்கிறது. மகளுடையதில் இல்லை, சிறு குழந்தை என்பதால் படம் போடவில்லையாம். பெயரும் பிறந்த தேதியும்தான் அவளுக்கு அடையாளம். அட்டையைப் புரட்டினால் பின்பக்கத்தில் முகவரிக்கான இடம் காலியாக இருக்கிறது. வீடு சேர்ந்த 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்துக்குப் போய் அதை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கணவர் எட்டு மாதங்களாக டோக்கியோவில் இருக்கிறார். இதுவரை ஓர் அறையில் தனியாக இருந்தவர், நாங்கள் வருகிறோம் என்று போன வாரம்தான் எடோகவா வட்டாரத்தில் நிஷிகசாய் என்ற இடத்தில் இரண்டு அறை வீட்டுக்கு மாறியிருக்கிறார். மூன்றாவது மாடி. சுவர்கள் வெறுமையாக, தரையில் நான்கு அட்டைப் பெட்டிகள். அரிசியும் தயிரும் வாங்கி வைத்திருந்தார். ஊறுகாய் என் பெட்டியில் இருந்தது. மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எட்டு மாதம் கழித்து ஒரே தட்டைச் சுற்றி.

மார்ச் 19

புதிதாகக் குடிவந்தவர்கள்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்த் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது இங்கே பழைய வழக்கம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து "எந்த ஊர், என்ன வேலை" என்று கேட்பார்கள். இங்கே நாமே கதவைத் தட்ட வேண்டும். காகிதம் சுற்றிய சிறு கைத்துண்டுகளைக் கணவர் வாங்கி வைத்திருந்தார். அதைத்தான் கொடுப்பார்களாம். கீழ்வீடு, மேல்வீடு, இடப்பக்கம் எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்தோம். நின்று, குனிந்து, பெயர் சொல்லி, திரும்பினோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வலப்பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, துணியை மட்டும் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ரவையில் கேசரி கிளறி எவர்சில்வர் டப்பாவில் போட்டேன். "பழக்கமில்லாதவர்கள் கையால் செய்ததைக் கொடுத்தால் சங்கடப்படுவார்கள்" என்று கணவர் தயங்கினார். அந்த அம்மாள் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினார். சூடு உள்ளங்கையில் பட்டதும் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அது போதும் எனக்கு.

மார்ச் 20

காலையில் அழைப்பு மணி. பக்கத்து வீட்டு அம்மாள். டப்பா பளபளவென்று துலக்கப்பட்டு, உள்ளே ஸ்ட்ராபெரி நிறைய. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது இங்கேயும் உண்டு. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் என் அம்மா பாத்திரத்தைத் திருப்புவார்.

டப்பாவைத் தந்துவிட்டு அவர் போகவில்லை. மூடியைத் திருப்பி, விளிம்போரம் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக் காட்டி ஏதோ கேட்டார். கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் கேள்வி வந்தது: "இது என்ன பூ?"

பூ இல்லை. என் அம்மாவின் பெயர். நாகப்பட்டினத்துப் பாத்திரக் கடையில், கல்யாணச் சீருக்கு எடுத்த அன்று கடைக்காரர் உளி வைத்துப் பொட்டுப் பொட்டாக வெட்டிக் கொடுத்தது. புள்ளிகளால் ஆன எழுத்து. தெரியாதவர் கண்ணுக்குக் கொடிபோல் இருந்தால் வியப்பில்லை. என் பங்குக்கு வந்த அத்தனை பாத்திரத்திலும் அந்தப் பெயர் இருக்கிறது. கைப்பேசியில் சொன்னேன். அவர் மறுபடியும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தலை அசைத்துக்கொண்டே போனார்.

மார்ச் 22

இன்று முழுக்க வட்டார அலுவலகம். ஜப்பானில் ஏப்ரல் 1-இல்தான் நிதியாண்டும் பள்ளியாண்டும் தொடங்குகின்றன. அதனால் மார்ச் கடைசியில் நாடே வீடு மாறுகிறது. எங்கள் எண் வர இரண்டு மணி நேரம் ஆனது.

எங்கள் மூவர் பெயரையும் இந்தக் குறிப்புகளில் எழுதப் போவதில்லை. குழந்தையின் பெயரை ஊரறியப் பரப்புவதில் எனக்கு விருப்பமில்லை. மகள் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தின் முதல் கட்டம் குடும்பப் பெயர். இரண்டாவது கட்டம் இட்ட பெயர். நம் கடவுச்சீட்டுகளில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுதிவிடுகிறோம். கணவருக்கு அந்த இடத்தில் அவர் அப்பாவின் பெயர். எனக்கும் மகளுக்கும் கணவருடைய பெயர். அலுவலகப் பெண் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அம்மாவும் மகளும் ஒரு குடும்பம். எதிரில் நிற்பவர் வேறு குடும்பம். "இவர் குழந்தையின் தந்தைதானா?" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். அவர்மேல் குற்றமில்லை. மணமான இருவரும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஜப்பானின் குடிமைச் சட்டம் சொல்கிறது. பெயர் வேறானால் உறவு என்ன என்ற கேள்வி அவர்களுக்கு இயல்பாக எழும்.

திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு என எல்லாம் கொண்டுபோயிருந்தோம். இருந்தாலும் அந்தப் பெண் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, "உங்கள் ஊரில் குடும்பப் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்டார். கணவருக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அதற்குப் போதவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எழுதிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டேன்.

இங்கே சாதாரண மக்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள 1870-இல் அனுமதி கிடைத்தது. 1875-இல் அது கட்டாயம் ஆனது. அதற்கு முன்பு ஊர் அறியக் குடும்பப் பெயர் சொல்லிக்கொள்வது பெரும்பாலும் சாமுராய்களுக்கும் மேலோருக்கும் உரிய உரிமை. உழவனும் மீனவனும் அன்றுதான் குடும்பப் பெயரோடு நிமிர்ந்து நின்றார்கள். நம் பக்கத்தில் நடந்தது வேறு. பெயருக்குப் பின்னால் வந்தது சாதி. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் காலத்தில் பெயரின் வாலை வெட்டியவர்களில் என் தாத்தாவின் அப்பாவும் ஒருவர். பழைய பத்திரங்களில் அந்த வால் இருக்கிறது. அவர் பிற்காலத்துக் கையெழுத்தில் இல்லை. ஆகவே அந்தக் கட்டம் எங்கள் வீட்டில் காலியாக இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதை நிரப்பச் சொல்லும்போது அப்பாவின் பெயரைத் தவிர வேறு எதைக் கொடுப்போம்?

அதன் விளைவு ஒன்றை இன்று நேரில் பார்த்தேன். இங்கே யாரையும் குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்துத்தான் அழைப்பார்கள். கடைசியில் அட்டைகளை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டபோது, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒலித்தது என் மாமனார் பெயர். பெயரின் இறுதி "ம்" ஜப்பானிய நாவில் "மு" ஆகியிருந்தது. மாமா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அத்தை இன்று வரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். நானும் சொன்னதில்லை. கணவர் எழுந்து போய் அட்டைகளை வாங்கிக்கொண்டு வந்தார்.

"அலுவலகத்திலும் இப்படித்தானா?" என்றேன்.

"எட்டு மாதமாக இப்படித்தான். தினமும் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். நான் போய் நிற்கிறேன்."

அட்டைகளின் பின்பக்கத்தில் இப்போது முகவரி இருக்கிறது.

மார்ச் 23

குப்பை. எரியும் குப்பை வாரம் இரண்டு நாள், காகிதமும் பாட்டிலும் ஒரு நாள், எரியாதது மாதம் இரண்டு முறை. எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும். பாட்டிலின் மூடியைக் கழற்றி, மேலே ஒட்டிய தாளை உரித்து, அலசி, நசுக்கி வைக்க வேண்டும். பைகள்மேல் காக்கை கொத்தாமலிருக்க வலை போர்த்துகிறார்கள். ஊரில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம். வலையை இழுத்து மூடும்போது மதில்மேல் உட்கார்ந்து ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 26

கறிவேப்பிலை கிடைத்தது! நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மளிகைக் கடை. துவரம்பருப்பு, புளி, இட்லி அரிசி எல்லாம் இருக்கின்றன. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தெலுங்கர், பின்னால் நின்றவர் குஜராத்தி. டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் பகுதி இதுதான். 1990களின் இறுதியில், 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கணினிகள் தேதியைத் தவறாகப் படித்துவிடும் என்ற அச்சம் உலகெங்கும் இருந்தபோது, அதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் வந்தார்கள். மாநகரின் நடுவிலுள்ள அலுவலகங்களுக்கு தோசாய் ரயிலில் நேராகப் போய்விடலாம் என்பதால் இங்கே தங்கினார்கள். ஆனால் வெளிநாட்டவருக்கு வீடு கொடுக்க அன்று பலரும் தயங்கினார்கள். 1970களின் இறுதியிலேயே இங்கு வந்து தேயிலை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜக்மோகன் சந்திராணி என்பவர் அவர்களுக்குத் துணை நின்றதை இந்தப் பகுதியில் எல்லோரும் சொல்கிறார்கள்.

வீடு கிடைப்பது இன்றும் எளிதில்லை. தனியார் வீடுகளுக்கு முன்பணம் போக, வீட்டுக்காரருக்கு நன்றி என்று திரும்பி வராத ஒரு தொகை கொடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கும் மேலாக ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். போன வருடம் கணவர் பார்த்த ஒரு வீட்டில் "வெளிநாட்டவர் என்றால் வேண்டாம்" என்று தரகரிடமே சொல்லிவிட்டார்கள். அன்று தொலைபேசியில் அவர் குரல் கம்மியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது நாங்கள் இருப்பது அரசு சார்ந்த வீட்டு நிறுவனத்தின் குடியிருப்பு. ஜாமீன்காரரும் வேண்டாம், நன்றிப் பணமும் வேண்டாம். வருமானச் சான்று இருந்தால் போதும். இந்தப் பகுதியின் அடுக்கு வீடுகளில் இத்தனை இந்தியக் குடும்பங்கள் இருப்பதற்கு அது பெரிய காரணம். மனிதர்களின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்காமல் விதியே கதவைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

மார்ச் 29

சமூகக் கூடத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் மொழி வகுப்புக்குப் போனேன். முதல் நாளிலேயே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வருகிறது. "யார்" என்பதற்கு "தாரே". "யாரோ" என்றால் "தாரேகா", "யாரும்" என்றால் "தாரேமோ". ஓகாரமும் உம்மும் ஒட்டுகிற இடத்தில் காவும் மோவும் ஒட்டுகின்றன. ஆங்கிலம் கற்றபோது தலைகீழாக நின்று யோசித்தேன். இங்கே நின்றபடியே யோசிக்கலாம். இந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டுதான் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல காலம் எழுதினார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒற்றுமையின் நிழலில் நான் இன்று ஒதுங்கினேன்.

எழுத்துதான் இடித்தது. ல, ள, ர, ற நான்குக்கும் இங்கே ஒரே வரிசை, ரகரம். ழகரத்துக்கு இடமே இல்லை. மகளின் கடவுச்சீட்டில் ழகரம் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் போட்டிருக்கிறோம். அதைப் பார்த்து அலுவலகத்தில் "ஜ" என்று படித்து அப்படியே எழுதிவிட்டார்கள். ஆசிரியை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் மெதுவாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்டார். "ஜ நிச்சயமாக இல்லை. எங்களிடம் உள்ளதில் ரகர வரிசைதான் பக்கம்" என்றார்.

வீட்டில் மகளிடம் இரண்டையும் சொல்லிக் காட்டினோம். பள்ளியில் எந்தப் பெயர் வேண்டும் என்று அவளே சொல்லட்டும் என்று விட்டோம். அவள் யோசிக்கவே இல்லை.

"ஜ வேண்டாம். அது வேறே யாரோ."

ஏப்ரல் 1

பள்ளிக்குப் போய் ஆசிரியர்களைப் பார்த்தோம். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு இங்கே கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தாது. ஆனால் கேட்டால் அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்கிறார்கள். வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் இரண்டு பக்கம். முதுகில் மாட்டும் ராந்தோசெரு பை; டச்சுக்காரர்களின் சொல்லிலிருந்து வந்த பெயராம். புதிது ஐம்பதாயிரம் யென்னுக்கு மேல் போகிறது. பழையது ஒன்று கணவரின் சக ஊழியர் வீட்டிலிருந்து வந்தது. ஆறு வருடமும் ஒரே பை. உள்ளே போட்டுக்கொள்ளும் வெள்ளைக் காலணி, அதற்கு ஒரு துணிப்பை, உடற்பயிற்சி உடை, தரை துடைக்கும் துணி. குழந்தைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டையும் வெள்ளை அங்கி போட்டு அவர்களே பரிமாறுகிறார்கள். மாத உணவுப் பட்டியலில் எந்த நாள் எந்தக் காய், எந்த இறைச்சி என்று சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து எழுதியிருக்கிறது. மாட்டிறைச்சி வரும் நாளில் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாம் என்றார்கள்.

பட்டியலின் அடியில் ஒரு வரி. எல்லாப் பொருளிலும் பெயர் எழுத வேண்டும். சக குழந்தைகளுக்குப் படிக்கத் தெரிந்த ஹிரகானா எழுத்தில். "எல்லாம்" என்றால் எல்லாம்தான் என்று ஆசிரியை சிரித்தபடி சொன்னார். கணக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். எண்ணும் குச்சிகள், கட்டைகள், சுண்டுவிரல் நகமளவு வில்லைகள். ஒவ்வொன்றிலும்.

ஏப்ரல் 3

மகள் தூங்கியதும் உட்கார்ந்தோம். கணவர் வில்லைகளை எடுத்துக் கொடுக்க, நான் ஊசிமுனைப் பேனாவால் எழுதினேன். முதல் பத்தில் கை நடுங்கிற்று. பழக்கமில்லாத எழுத்து எழுத்தாகத் தெரியாது, படமாகத்தான் தெரியும். பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். ஐம்பதாவது வில்லையில் கோடு தானாக வளைந்தது. நூறுக்கு மேல் நான் பார்க்காமலே எழுதினேன். மொத்தம் 214 பெயர். இரவு ஒன்றரை மணி.

பாத்திரக் கடைக்காரர் ஒரே நாளில் எத்தனை அம்மாக்களின் பெயரை வெட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 4

விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டில் அசைந்தது. முதலில் மகள் புரள்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த கணம் அலமாரியில் எவர்சில்வர் டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசின. கணவர் எழுந்து எங்கள் இருவர்மேலும் கையைப் போட்டுக்கொண்டார். இருபது எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. தொலைக்காட்சியைப் போட்டால் அதற்குள் வரைபடம் வந்துவிட்டது. எங்கள் பகுதியில் மூன்று. நம் செய்திகளில் சொல்லும் ரிக்டர் கணக்கு இல்லை இது. நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு குலுங்கியது என்பதை 0 முதல் 7 வரை அளக்கும் இவர்களின் சொந்த அளவு. மூன்று என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை. எட்டு மணிக்குக் குப்பை வண்டி வழக்கம்போல வந்தது.

எனக்குத்தான் கை நடுக்கம் தீரவில்லை. ஜப்பானிய மொழியில் நான் கற்ற முதல் சொல் "வணக்கம்" அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில், பத்து வயதில், மேட்டுத் தெருவை நோக்கி ஓடிய பிறகு கேட்ட சொல் அது. "சுனாமி". துறைமுக அலை என்று பொருள் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெயர் தெரியாமலே குழிக்குள் போனவர்கள் எத்தனையோ பேர். யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல ஆளில்லாமல், வளையலையும் சட்டையையும் வைத்து அடையாளம் தேடிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நாங்கள் குடியிருக்கும் எடோகவாவும் தண்ணீர் சூழ்ந்த மண். மேற்கே அரகவா நதி, கிழக்கே எடோ நதி, தெற்கே கடல். நிலத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கடல் ஏற்ற நேரத்து நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரைகள்தான் காக்கின்றன. 2019-இல் வட்டார நிர்வாகம் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையில், பெருவெள்ளம் வரும் என்றால் "இங்கே இருக்கக் கூடாது" என்று தங்கள் வட்டாரத்தைச் சுட்டிக்காட்டித் தாங்களே அச்சிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். 2004-இல் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல யாருமில்லை.

மாலையில் தெருவின் ஒலிபெருக்கியில் குழந்தைப் பாட்டு ஒன்றின் இசை வந்தது. பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் என்று மகள் நினைக்கிறாள். பேரிடர் நேரத்தில் அந்த ஒலிபெருக்கி வேலை செய்யுமா என்று தினமும் சோதிக்கும் ஏற்பாடும் அதுதான்.

பட்டியலில் பாக்கி இருந்தது ஒன்று, போசாய் சுகின். பஞ்சு வைத்துத் தைத்த தலைக்கவசத் துணி. சாதாரண நாளில் நாற்காலியில் மெத்தைபோல் கிடக்கும். நிலம் குலுங்கினால் எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பெயர்த்துணியில் பெயர், பள்ளி, இரத்த வகை. அதைத் தைக்க நூல் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அந்த அம்மாள் தையல் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கவசத்தை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கைப்பேசியில் பேசினார். வரி வரியாக வந்தது. போர்க்காலத்தில் இதே போன்ற ஒன்றை அவர் அம்மா பழைய பஞ்சில் தைத்துக் கொடுத்தாராம். விமானக் குண்டு விழும் இரவுகளுக்காக. நெஞ்சில் ஒரு துணியில் பெயரும் இரத்த வகையும் தைத்திருந்ததாம். "அப்போது எனக்கு உன் மகள் வயது." 1945 மார்ச் 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட இரவு, கிழக்கு டோக்கியோ எரிந்தது, ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் போனார்கள். அவரும் அவர் அம்மாவும் பிழைத்தார்கள். மேலே அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நானும் நாகப்பட்டினத்தைப் பற்றிச் சொன்னேன். இருவரும் மாறி மாறித் தைத்தோம். அவர் தையல் நெல்மணிபோல் சீராக இருந்தது.

அவர் போகும் முன், கவசத்தின் உள்மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், சிவப்பு நூலால் மகள் பெயரைத் தமிழில் தைத்தேன். அவர் ழகரத்தில் விரலை வைத்து, "இது எப்படி?" என்று கேட்டார். மகள் சொல்லிக் காட்டினாள். அவர் நாக்கை மடித்து மடித்துப் பார்த்தார். மகள் பொறுமையாக ஏழெட்டு முறை சொன்னாள்.

ஏப்ரல் 7

பள்ளிச் சேர்க்கை விழா. செர்ரிப் பூ உதிர்ந்து வாசல் முழுக்க வெளிர்சிவப்பு. குழந்தைகள் மஞ்சள் தொப்பியோடு வரிசையாக வந்து அமர்ந்தார்கள். ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "ஹாய்!" (ஜப்பானிய மொழியில் "ஆம்") என்று குரல் கொடுத்து எழுந்தார்கள். எங்கள் முறை வந்தது. குடும்பப் பெயரோடு "சான்". மகளின் குடும்பப் பெயர் என்ன? என் கணவருடைய பெயர்!

எட்டு மாதமாகத் தன் பெயரை யார் வாயிலும் கேட்காத மனிதர் சட்டென்று நிமிர்ந்தார். அதே நேரத்தில் முன்வரிசையில் மகள் "ஹாய்!" என்று எழுந்து நின்றாள்.

வெளியே வந்ததும் ஒரு தாய் எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். மகளின் பெயரைச் சொல்லி, "சான் நோ மாமா" என்று என்னை அழைத்தார். இன்னாருடைய அம்மா. எங்கள் தெருவிலும் என் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஏப்ரல் 12

பள்ளியில் நிலநடுக்கப் பயிற்சி. மணி அடித்ததும் கவசத்தை மாட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போய், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பேசாமல், ஓடாமல், தள்ளாமல் மைதானத்துக்குப் போக வேண்டும். மகள் வீட்டுக் கூடத்தில் எனக்குச் செய்து காட்டினாள்.

"உள்ளே நீ தைத்தாயே அம்மா, அந்த ழ கழுத்தில் குத்துகிறது."

"பிரித்துவிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

நூல் முடிச்சை மட்டும் நறுக்கி, மேலே மெல்லிய துணி ஒன்றை வைத்துத் தைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். மாங்காய் கிடைத்தது, வேப்பம்பூ கிடைக்கவில்லை; கசப்புக்கு வெந்தயத்தை வறுத்துப் போட்டுப் பச்சடி செய்தேன். அத்தைக்குத் தொலைபேசினோம். மகன் அலுவலகத்தில் எந்தப் பெயரால் கூப்பிடப்படுகிறார் என்று இன்றுதான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தினமுமா?" என்று கேட்டார்.

பாயசத்தை அதே டப்பாவில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் டப்பா கதவருகே இருந்தது. உள்ளே அரிசி அப்பளம் போன்ற பிஸ்கட்டுகள். மேலே மடித்த சீட்டில் ஹிரகானாவில் என் மகளின் பெயர், பின்னால் "சான்". ரகர எழுத்தின் தலையில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார். இருநூற்றுப் பதினான்கு முறை எழுதிய கை என்னுடையது. அந்த எழுத்துக்கு அப்படியொரு வட்டம் கிடையாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மகள் சீட்டை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.